அடிப்பக்கம் குளிர்ந்த றேடியேற்றரும் கறுத்த தண்ணீரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனது மகள் லண்டனில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியிருக்கிறாள். இந்தக் குளிர்காலத்தில் ஹீற்றர் போட்டும் இரண்டு அறைகள் சூடேறவில்லை. சுவரில் பொருத்திய றேடியேற்றர்களின் மேற்பக்கம் கை வைக்க முடியாத சூடாகவும் அடிப்பக்கம் குளிர்ந்தும் இருக்கிறதாம். பார்க்க வந்த பிளம்பர் ஒன்றைக் கழற்றியபோது கன்னங்கரேலென்று தண்ணீர் வந்ததாம். இயந்திரம் வைத்துக் கழுவ வேண்டும் என்று பெருந்தொகை கேட்கிறாராம். பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு, வருடத்துக்கு இரண்டு தரம் புதுத் தண்ணீர் நிரப்பினால் போதாதா என்று நான் சொன்னேன். நான் சொன்னது சரியா? பிளம்பர் ஏமாற்றுகிறாரா?
– வாசகி ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: பிளம்பர் சொன்ன குறை பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். நீங்கள் சொன்ன பரிகாரத்தை மட்டும் மகள் கடைப்பிடிக்காமல் இருப்பது நல்லது. நம் ஊரில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினால் நல்ல நீர் ஊறும் என்பது அனுபவத்தில் கண்டது. அந்த வீட்டுச் சூடாக்கல் முறையிலோ பழைய தண்ணீர்தான் நல்ல தண்ணீர், புதுத் தண்ணீர்தான் கேட்டுக்குக் காரணம்.

அங்கே பொயிலரில் சூடாகும் நீர், பம்பினால் தள்ளப்பட்டுக் குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறையின் றேடியேற்றருக்கும் சென்று, சூட்டைக் கொடுத்துவிட்டு மீண்டும் பொயிலருக்கே வந்து சேர்கிறது. நடுத்தரமான ஒரு வீட்டில் ஏறக்குறைய 100 லீற்றர் நீர் இப்படி வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். குடிக்கவோ குளிக்கவோ வரும் நீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. றேடியேற்றர்கள் மெல்லிய உருக்குத் தகட்டினால் ஆனவை. நிரப்பிய நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன், அந்த உருக்கைச் சிறிதளவு கறள் பிடிக்கச் செய்துவிட்டுத் தீர்ந்துபோகும். அதன் பிறகு புது ஒட்சிசன் உள்ளே வராதவரை அரிப்பு மிகவும் மெதுவாகவே நடக்கும். வெளியே கிடக்கும் தகரத்தில் நாம் காணும் செந்நிறக் கறளைப் போலன்றி, ஒட்சிசன் குறைந்த இடத்தில் உண்டாவது மக்னற்றைற் எனப்படும் கறுப்பு இரும்பு ஒட்சைட்டு. நீரைவிட ஐந்து மடங்கு அடர்த்தியான அந்தத் துகள்கள் ஓட்டம் குறைந்த இடத்தில் படியும். றேடியேற்றரின் அடிப்பாகத்து நடுப்பகுதியே அத்தகைய இடம் என்பதால், சூடான நீர் அந்தப் பகுதியைச் சேராமல் மேலாலேயே சுற்றிப் போய்விடுகிறது.

ஆகவே, வருடத்துக்கு இரண்டு தரம் நீரை மாற்றினால் வருடத்துக்கு இரண்டு தரம் புதிதாக ஒட்சிசனை உள்ளே விடுகிறோம். லண்டன் நீர் சுண்ணாம்பு மிகுந்த கடின நீர் என்பதால், ஒவ்வொரு தடவையும் பொயிலரினுள் சுண்ணாம்பும் சற்றுச் சேரும். உங்கள் வீட்டில் உழவு இயந்திரம் இருந்தால் இது உடனே விளங்கும். அதன் றேடியேற்றருக்குக் கூலன்ட் விடாமல், குறையக் குறையக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிவந்தால் சில போகங்களுக்குள் உள்ளே என்ன ஆகும் என்பதை எந்த மெக்கானிக்கும் திறந்து காட்டுவார்.

பிளம்பரின் பேச்சைச் சரிபார்க்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. அந்தக் கறுத்த நீரைக் கண்ணாடிப் போத்தல் ஒன்றில் பிடித்து அசையாமல் வைத்து, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தையாவது வெளிப்புறமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். மக்னற்றைற் என்றால் துகள்கள் காந்தத்தை நோக்கித் திரண்டு, காந்தத்தை நகர்த்த நகர்த்தக் கண்ணாடியின் உட்பக்கமாகவே ஊர்ந்து வரும். குளிர்ந்திருக்கும் இடத்தையும் மகள் கவனிக்க வேண்டும். மேற்பக்கம் குளிர்ந்து அடிப்பக்கம் சூடாக இருந்தால் அது சகதியன்று, வாயு அடைத்திருக்கிறது. மேல் மூலையிலுள்ள சிறு திருகை அதற்குரிய சாவியால் அரைச் சுற்றுத் தளர்த்தி, துணியொன்றைப் பிடித்துக்கொண்டு, 'உஸ்' என்ற சத்தம் அடங்கி நீர் எட்டிப் பார்த்ததும் இறுக்கிவிடலாம். அரிப்பின்போது ஐதரசன் வாயுவும் உண்டாவதால், அவ்வேளையில் அருகில் நெருப்பு வைத்திருக்கலாகாது.

நான் மிக முக்கியமாகக் கருதும் கேள்வியைப் பல பிளம்பர்கள் கேட்பதில்லை: ஒட்சிசன் எவ்வழியாக உள்ளே போனது? மூடிய அமைப்பாயின் பொயிலரில் ஓர் அமுக்கமானி இருக்கும்; குளிர்ந்த நிலையில் அது சுமார் 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். அது அடிக்கடி இறங்கி, மகள் அடிக்கடி நீர் நிரப்புகிறாள் என்றால், எங்கோ ஒழுக்கு இருக்கிறது அல்லது சூடேறி விரியும் நீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத் தாங்கி பழுதாகியிருக்கிறது. மிகப் பழைய வீடாயின் கூரைக்குக் கீழே ஒரு சிறு திறந்த தாங்கி இருக்கக்கூடும். குழாய்களின் அமைப்புப் பிழையாக இருந்தால், பம்ப் ஓடும்போதெல்லாம் அந்தத் தாங்கிக்குள் நீர் கொட்டி, காற்றைக் கலந்துகொண்டு திரும்பும். இவற்றைத் திருத்தாமல் எத்தனை பவுண் கொடுத்துக் கழுவினாலும் சகதி மீண்டும் சேர்ந்துவிடும்.

இரண்டு றேடியேற்றர்கள் மட்டுமே பழுதென்றால் முழு வீட்டுக்கும் இயந்திரம் தேவைப்படாமலும் போகலாம். அவ்விரண்டின் வால்வுகளையும் மூடி, கழற்றி, முற்றத்தில் வைத்துக் குழாய் நீரால் அடித்துக் கழுவி மாட்டுவது பழைய, நல்ல முறை. 'அப்படிச் செய்தால் போதாதா, போதாதென்றால் ஏன்' என்று பிளம்பரிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் விளக்கத்தைக் கொண்டு ஆளை மதிப்பிடலாம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் எனது மகனின் வீட்டில் 1970களில் போட்ட மிக மெல்லிய செப்புக் குழாய்கள்தான் இன்னமும் உள்ளன. புதுப் பொயிலர் பொருத்தப் போகிறார்கள். கழுவாமல் பொருத்தக்கூடாது என்று ஒருவரும், கழுவினால் பழைய றேடியேற்றர்கள் ஒழுகத் தொடங்கும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். யாரை நம்புவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மாங்குளம்

பதில்: ஐயா, இருவர் சொல்வதும் சரியே, ஆனாலும் கழுவியாக வேண்டும். இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயுப் பொயிலர்கள் அனேகமாக யாவும், வெளியேறும் புகையின் சூட்டையும் மீட்டெடுக்கும் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் உள்வழிகள் ஒடுக்கமானவை என்பதால் பழைய குழாய்களிலிருந்து வரும் கறுப்புச் சகதி முதலில் அங்கேதான் போய் அடைக்கும். அமைப்பைக் கழுவாமல் பொருத்தியதாகத் தெரிந்தால் உற்பத்தியாளர் உத்தரவாதத்தை ஏற்க மறுக்கவும் கூடும். மறுபுறம், தகட்டில் விழுந்த ஊசித் துவாரத்தைச் சகதியே அடைத்துக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே கழுவிய மறுநாள் நீர் சொட்டினால், துவாரம் முன்பே இருந்தது, கழுவியதால் வெளிப்பட்டது என்றே கொள்ள வேண்டும். அத்தகைய றேடியேற்றரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் செலவையும் மகன் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

மெல்லிய குழாய்கள் பற்றியே எனக்கு அதிக யோசனை. அவை 8 அல்லது 10 மில்லிமீற்றர் வெளிவிட்டம் உடையவை. கழுவுவதற்குக் கொண்டுவரும் பவர் ஃபிளஷ் இயந்திரம் உயர்ந்த அமுக்கத்தால் வேலை செய்வதன்று. மிகுந்த வேகத்தில் நீரை ஓட்டி, ஓட்டத் திசையை மாற்றி மாற்றி, ஒவ்வொரு றேடியேற்றராகத் திறந்து, இறப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சகதியைக் கிளப்பி வெளியேற்றுவது அதன் முறை. முற்றாக அடைத்துவிட்ட மெல்லிய குழாயில் ஓட்டமே இல்லாதபோது, இயந்திரம் ஓடினாலும் நீர் வேறு வழியால் போய்விடும். ஆகவே சுத்திகரிக்கும் இரசாயனத்தை முதலில் விட்டு, பழைய பொயிலர் வேலை செய்யும் நிலையில் இருந்தால் சில நாட்களுக்கு அதைக் கொண்டே சூடாக்கி ஓடவிட்டு, அதன் பின்னர் கழுவுவது பயன் தரும். அப்படியும் திறக்காத குழாயை மாற்றத்தான் வேண்டும். இரசாயனம் முழுவதும் அலசப்பட்டுத் தெளிந்த நீர் வரும்வரை நிறுத்தக்கூடாது. கழிவை மழைநீர் வடிகாலில் விடாமல் கழிவுநீர்க் குழாயில் விட வேண்டும் என்பதையும் ஒப்பந்தக்காரருக்கு நினைவூட்டலாம்.

கழுவியதோடு வேலை முடிந்துவிடாது. அரிப்பைத் தடுக்கும் இரசாயனத்தை நீரில் சேர்க்க வேண்டும். பொயிலருக்குத் திரும்பி வரும் குழாயில் காந்த வடிகட்டியும் பொருத்த வேண்டும். பீ.எஸ். 7593 என்ற பிரித்தானிய நியமத்தின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு, வடிகட்டி பொருத்துவதையும், நீரை வருடந்தோறும் சோதிப்பதையும், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அந்த இரசாயனத்தைப் புதுப்பிப்பதையும் பரிந்துரைக்கிறது. றேடியேற்றரைக் கழற்றிக் கழுவுவது, இரசாயனம் விடுவது போன்றவற்றைக் கைப்பழக்கம் உள்ளவர் தாமே செய்யலாம். பொயிலரின் எரிவாயுப் பகுதியை மட்டும், எரிவாயு வேலைக்குத் தகுதி பெற்றோருக்கென 2009 ஏப்ரலில் தொடங்கிய காஸ் சேஃப் பதிவேட்டில் பெயருள்ளவரே தொட வேண்டும். கனடாவில் பிள்ளைகள் உள்ளோருக்கும் ஒரு சொல்: அங்கு பல வீடுகளில் சூடான காற்றே குழல்கள் வழியாக வருவதால், அவ்வீடுகளில் நீர்ச் சகதி என்ற கதையே இல்லை.

கேள்வி: எங்கள் குழாய்க்கிணற்று நீர் தெளிவாகத்தான் வருகிறது. ஆனால் மேல்தாங்கியின் அடியில் மண்ணிறச் சகதி சேர்கிறது. கேத்தலின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறது. ஜேர்மனியிலிருந்து வந்த தம்பி, அங்கே ஹீற்றருக்கு விடும் இரசாயனத்தை அடுத்த தடவை கொண்டுவருவதாகச் சொல்கிறார். தாங்கிக்கு விடலாமா?
– வாசகர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: ஒருபோதும் விடக்கூடாது. அது மூடிய சுற்றுக்கென்றே தயாரிக்கப்பட்டது; நீங்கள் குடிக்கும் நீரில் ஒரு துளியும் சேரலாகாது.

உங்கள் சகதிக்கு அநேகமாகக் குழாயின் கறள் காரணமன்று. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பு, தாங்கியில் காற்றைச் சந்தித்ததும் மண்ணிறமாக மாறிப் படிகிறது. அதனால்தான் தெளிவாக வந்த நீர் வைத்திருக்கக் கலங்குகிறது. கேத்தலில் படியும் வெள்ளை, வன்னியின் கடின நீரில் உள்ள கல்சியம் காபனேற்று. தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ விட்டு ஊறவைத்தால் அது கரைந்துவிடும். தாங்கியைப் பொறுத்தவரை, வீட்டுக்குப் போகும் குழாய் அடியிலிருந்து நான்கு விரலளவாவது மேலே தொடங்கவும், அடிமட்டத்தில் கழிவு வால்வொன்று தனியாக இருக்கவும் வேண்டும். அந்த வால்வை மாதம் ஒரு தடவை திறந்துவிட்டால் சகதி வீட்டுக் குழாய்களுக்குள் இறங்காது. உள்ளே தேய்த்துக் கழுவிய பின் குளோரீன் இடுவதானால், தாங்கியின் கொள்ளளவைச் சொல்லி, உரிய அளவை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.