மொகுமொகு மழலையா?

கேள்வி: சாப்பிடும் விதங்களைச் சொல்ல ஜப்பானியர்கள் ‘மொகுமொகு’, ‘பக்குபக்கு’ என்று ஏகப்பட்ட சொற்கள் வைத்திருக்கிறார்களாமே? குழந்தைக்குச் சோறூட்டும்போது கொஞ்சுவதுபோல இருக்கிறதே! பெரியவர்கள்கூடவா இப்படிப் பேசுவார்கள்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பேசுகிறார்கள், செய்தியிலும்தான். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் கர்லிங் (பனித்தளத்தில் கல்லை வழுக்கவிட்டு ஆடும் விளையாட்டு) ஆடிய ஜப்பானிய மகளிர் அணி ஆட்டத்தின் இடைவேளையில் உட்கார்ந்து ஸ்ட்ராபெர்ரியும் சீஸ்கேக்கும் சாப்பிட்டது. அதற்கு அந்த நாட்டு ஊடகங்கள் வைத்த பெயர் ‘மொகுமொகு டைம்’. அணி வெண்கலத்தோடு ஊர் திரும்பியது.

மொகுமொகு என்பது வாயை மூடிக்கொண்டு மெல்வது. வாயைத் திறந்து சத்தம் வர மென்றால் ‘குச்சகுச்ச’; அது வசவு. பசியில் பாய்ந்து அள்ளிப் போட்டுக்கொண்டால் ‘காட்ஸுகாட்ஸு’. வாயை அகலத் திறந்து மூடி வெளுத்துக் கட்டினால் ‘பக்குபக்கு’. 1980இல் நாம்கோ வெளியிட்ட வீடியோ கேமில் புள்ளிகளை விழுங்கிக்கொண்டு ஓடுமே மஞ்சள் வட்டம், பேக்மேன், அந்தப் பெயர் இதிலிருந்து வந்ததுதான்.

ராமென் என்ற சூப் நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம் ‘ஜுருஜுரு’. உதோன் என்ற தடித்த நூடுல்ஸ் வழுக்கிக்கொண்டு இறங்கினால் ‘த்சுருத்சுரு’. முன்னது காதுக்குக் கேட்பது, பின்னது உதட்டுக்கும் தொண்டைக்கும் தெரிவது. மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புராவின் மெல்லிய மேல்மாவு பல்லில் நொறுங்கினால் ‘ஸக்குஸக்கு’. ஓட்ஸை வறுத்துச் செய்யும் கிரானோலா மாதிரி கரடுமுரடாக நொறுங்கினால் ‘ஜக்குஜக்கு’. கடி கனத்தால் எழுத்தும் கனக்கிறது, பாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஹஃபுஹஃபு’. கல்லிலிருந்து அப்போதுதான் எடுத்த தகோயாகி என்ற ஆக்டோபஸ் உருண்டையை அவசரப்பட்டு வாயில் போட்டாயிற்று. துப்ப மனசில்லை, மெல்லவும் முடியவில்லை. வாயைப் பாதி திறந்து, ஆவியை வெளியே விட்டபடி, நாக்கால் இப்படியும் அப்படியும் உருட்டுகிறோம். அந்த அவஸ்தை மொத்தமும் இந்த ஒரே சொல்லில் இருக்கிறது.

நாமும் மோரை மடமடவென்றுதான் குடிக்கிறோம். வடை மொறுமொறுவென்று இல்லாவிட்டால் முகம் சுளிக்கிறோம். இரட்டைக்கிளவி என்று பள்ளியில் இலக்கணமாகப் படித்தவர்கள், அடுத்த மொழியில் பார்த்ததும் அதை மழலை என்று ஒதுக்குவது நியாயமே இல்லை. ஜப்பானியர்கள் டாக்டரிடம் வலியைச் சொல்வதும் இதே மாதிரிச் சொற்களில்தான். விண்விண்ணென்று தெறித்தால் ‘ஜுக்கிஜுக்கி’, வயிற்றைக் குத்திப் பிடுங்கினால் ‘கிரிகிரி’. அதைக் கேட்டுத்தான் டாக்டரும் எந்த மாதிரி வலி என்று புரிந்துகொள்கிறார்.