லாவெண்டர்: புட்டிக்குள் இருப்பது என்ன? – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் செய்துகொள்ளும் நறுமணப் பொருட்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லாவெண்டரைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த மாதப் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ‘லாவெண்டர் ஆயில்’ என்ற பெயரில் இரண்டு புட்டிகள் வாங்கினேன். ஒன்றின் விலை மற்றதைப் போல ஆறு மடங்கு. மணத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. விலை குறைந்ததையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாமா? – வாசகி, திருச்சி

பதில்: மற்ற கேள்விகளுக்கான விடைகளெல்லாம் உங்கள் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைவதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். கடைகளில் லாவெண்டர் என்ற பெயரில் குறைந்தது மூன்று வெவ்வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. முதலாவது, லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்னும் செடியின் பூக்கதிர்களை நீராவியில் வடித்தெடுக்கும் அசல் எண்ணெய். ஒரு கிலோ எண்ணெய் கிடைக்க நூறு கிலோவுக்கு மேல் பூ தேவைப்படும் என்பதால் இது மலிவாகக் கிடைக்க வழியே இல்லை. இரண்டாவது, அந்தச் செடியும் அதன் உறவினமான ஸ்பைக் லாவெண்டரும் கலந்து பிறந்த ‘லாவாண்டின்’ என்னும் கலப்பினத்தின் எண்ணெய். பிரான்சின் ப்ரோவான்ஸ் பகுதியில், வாலன்சோல் பீடபூமியின் ஊதா வயல்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பகுதி இந்த லாவாண்டின்தான். அசல் செடி அங்கே மேலும் உயரமான மலைச்சரிவுகளில் விளைகிறது. ‘ஓட் ப்ரோவான்ஸ்’ என்ற புவிசார் பெயரை 1981 முதல் தாங்கி வரும் எண்ணெய்க்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் விளைந்த பூவே உரியது. லாவாண்டின் அதிக எண்ணெய் தரும். கற்பூர வாடையும் அதில் அதிகம்.

மூன்றாவது, பூவோடு தொடர்பே இல்லாமல் ஆலையில் கலந்து செய்யப்படும் ‘ஃபிராக்ரன்ஸ் ஆயில்’. உங்களிடமுள்ள விலை குறைந்த புட்டி பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கும். மெழுகுவர்த்திக்கும் அறை மணத்துக்கும் அது போதும், அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் தோலில் தடவும் எதிலும் அதைச் சேர்க்க வேண்டாம். புட்டியின் மேல் தாவரத்தின் லத்தீன் பெயர், விளைந்த நாடு, தொகுதி எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெயில் எந்தெந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஜி.சி.எம்.எஸ். பகுப்பாய்வு அறிக்கையை, அந்தத் தொகுதிக்குரியதாக, நல்ல விற்பனையாளர்கள் கேட்டால் தருவார்கள். அதில் லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு மணப்பொருட்களும் சேர்ந்து பாதிக்கு மேல் இருப்பதும், கற்பூரம் மிகச் சிறிதளவே இருப்பதும் அசல் லாவெண்டருக்கு அடையாளம். வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள்; நறுமண எண்ணெய் ஏறக்குறைய முழுவதும் ஆவியாகியிருக்கும், சமையல் எண்ணெயோ பாரஃபினோ கலந்திருந்தால் எண்ணெய்க் கறை அப்படியே நிற்கும். செயற்கை வாசனையை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

வெளிநாட்டுச் சரக்குதான் வேண்டும் என்பதும் இல்லை. ஜம்முவின் தோடா மாவட்டத்தில் உள்ள பதர்வாவில், மக்காச்சோளம் பயிரிட்டு வந்த விவசாயிகள் பலர் மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நறுமணத் திட்டத்தின் உதவியோடு லாவெண்டருக்கு மாறியிருக்கிறார்கள். ‘ஊதாப் புரட்சி’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது இதைத்தான். உலர்ந்த பூவும் எண்ணெயும் அங்கிருந்து நேரடியாகவே விற்பனைக்கு வருகின்றன.

கேள்வி: அம்மாவுக்கு முடி அதிகமாகக் கொட்டுகிறது. தேங்காய் எண்ணெய் காய்ச்சும்போதே லாவெண்டர் எண்ணெயையும் ஊற்றிக் காய்ச்சலாமா? எவ்வளவு சேர்க்க வேண்டும்? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: காய்ச்சும்போது ஊற்றினால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது ஆவியாக அடுப்படிக்குத்தான் போகும். கறிவேப்பிலையையும் வெந்தயத்தையும் போட்டு வழக்கம்போலக் காய்ச்சி, இறக்கி, வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறிய பிறகு கலந்துகொள்ளுங்கள். 100 மில்லி எண்ணெய்க்கு 20 சொட்டு, அதாவது ஏறத்தாழ ஒரு மில்லி, போதும். அது ஒரு சதவீதக் கலவை. இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பாகும் என்று எண்ணவேண்டாம். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் முழுவதும் அரிப்போ தடிப்போ இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே தலைக்குத் தடவுங்கள்.

முடி வளரும் என்பதற்கு இணையத்தில் எல்லோரும் காட்டும் சான்று, ஸ்காட்லாந்தின் அபர்டீனில் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு. தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், தேவதாரு வகை மர எண்ணெய் ஆகிய நான்கையும் கலந்து ஏழு மாதங்கள் தினமும் தலையில் தேய்த்தவர்களில் 44 சதவீதத்தினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. வெறும் எண்ணெய் தேய்த்தவர்களில் 15 சதவீதத்தினருக்கே தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்ற 86 பேரும் புழுவெட்டு நோயாளிகள். இரத்தசோகையாலோ தைராய்டு கோளாறாலோ வயதாலோ முடி கொட்டுகிறவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. நான்கு எண்ணெய்களில் வேலை செய்தது எது என்றும் பிரித்துச் சொல்லவில்லை. அம்மாவை ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மணத்துக்காக எண்ணெயில் கலப்பது அதன் பிறகும் தொடரலாம்.

கேள்வி: தீக்காயத்தில் லாவெண்டர் எண்ணெயை அப்படியே ஊற்றினால் தழும்பில்லாமல் ஆறும், இதைக் கண்டுபிடித்ததே ஒரு விஞ்ஞானி என்று காணொளியில் சொல்கிறார்கள். உண்மையா? – வாசகி, சென்னை

பதில்: அந்த விஞ்ஞானி ரெனே மொரீஸ் கட்டஃபோசே, ‘அரோமாதெரபி’ என்ற பெயர் பரவக் காரணமானவர். 1910இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் நடந்த வெடிவிபத்தில் உடலில் தீப்பற்றிக்கொண்டது. தீக்காயம் பட்டவுடன் அருகிலிருந்த லாவெண்டர்த் தொட்டிக்குள் கையை விட்டார், வலி நின்றது என்று காணொளிகள் சொல்வது பின்னால் வந்த அலங்காரம். 1937இல் வெளியான தம் நூலில் அவர் எழுதியது வேறு: காயங்களில் கிருமியால் தசைக்குள் வாயு உண்டாகி அழுகும் ‘வாயு அழுகல்’ தொடங்கிவிட்ட பிறகே லாவெண்டர் எண்ணெயால் கழுவினார், அழுகல் நின்றது. எதிருயிரி மருந்துகள் இல்லாத காலத்தில், கிருமி பிடித்த புண்ணுக்குச் செய்துகொண்ட வைத்தியம் அது.

சமையலறையில் சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடங்கள் ஓடவிட்டு அதில் கையைக் காட்டுங்கள். பற்பசை, பேனா மை, தோசை மாவு ஆகியவற்றின் வரிசையில் லாவெண்டரும் சேரவேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தாலோ மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: தூக்கம் வராத மாமியாருக்காகத் தலையணைக்குள் வைக்கும் லாவெண்டர்ப் பை தைக்க ஆசை. எப்படிச் செய்வது? உண்மையில் தூக்கம் வருமா? – வாசகி, புதுச்சேரி

பதில்: நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் ஒரு ஜான் நீளம், நான்கு விரல் அகலத்தில் உள்பை ஒன்று தைத்து, அதில் இரண்டு பங்கு ஆளி விதையும் ஒரு பங்கு உலர்ந்த லாவெண்டர்ப் பூவும் நிரப்புங்கள். ஆளி விதை வழவழப்பாக இருப்பதால், தலையணைக்குள் வைக்காமல் கண்களின் மேல் வைத்தாலும் பை நன்றாகப் படிந்து கிடக்கும். முழுக்கத் திணிக்காமல் கால்பங்கு இடம் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கல்லாக உருண்டுகொள்ளும். துவைக்க வசதியாக மேலுறையைத் தனியாகத் தைத்துப் பொத்தான் வையுங்கள். உங்கள் ஊரின் கடற்காற்று ஈரத்தில்தான் சிக்கல்: பூ நமுத்துப்போனால் பூசணம் பிடிக்கும், ஆகவே வாங்கிய பூவை நிழலில் ஒருநாள் பரப்பி, விரலால் நசுக்கினால் நொறுங்குகிற பதத்துக்கு வந்த பிறகே நிரப்புங்கள். மழைக்காலத்தில் பையை மூடியுள்ள டப்பாவில் வைத்து, இரவில் மட்டும் எடுங்கள். மணம் குறைந்தால் பையை உள்ளங்கைகளுக்கு நடுவே கசக்கினால் போதும். பூவின் அடிக்கிண்ணத்தில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் உடைந்து மறுபடி மணக்கும்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, லாவெண்டர் மணத்தை முகர்ந்தவர்கள் நன்றாகத் தூங்கியதாகச் சொல்லும் ஆய்வுகள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. பங்கேற்பவரின் மூக்கிடம் எது லாவெண்டர் என்பதை மறைக்க முடியாது என்பது அவற்றின் நிரந்தரமான பலவீனம். ஜெர்மனியில் பதற்றத்துக்காக 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் அடங்கிய மாத்திரை மருந்தாகவே விற்கப்படுகிறது. அது தரம் வரையறுத்துத் தயாரித்தது. அதைக் காரணம் காட்டிக் கடையில் வாங்கிய எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் குடிக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்கவேண்டாம். மாமியார் தூக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் பைக்காக அதை நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: வீட்டில் செய்த சோப்பில் லாவெண்டர்ப் பூக்களைக் கலந்தேன். ஒரே வாரத்தில் எல்லாம் பழுப்பாகிவிட்டன. என்ன தவறு? – வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் செய்முறையில் தவறில்லை. காஸ்டிக் சோடாவின் காரத்தன்மையில் லாவெண்டர்ப் பூவின் நிறம் நிற்காது. பழுப்பேறிச் சோப்புக்குள் கிடக்கும் மொட்டுகள் பார்ப்பதற்கு எலிப் புழுக்கையைப் போலவே இருக்கும், பரிசாகக் கொடுத்தால் வாங்குபவர் முகம் கோணும். காரத்தில் நிறம் மாறாமல் நிற்பது காலெண்டுலா இதழ்தான். லாவெண்டர் வேண்டுமென்றால் சோப்பை அச்சில் ஊற்றிய பிறகு மேற்பரப்பில் மட்டும் சில பூக்களைத் தூவுங்கள், அவை சற்றுக் கூடுதல் காலம் நிறத்தோடு இருக்கும். ஊதா நிறத்துக்கு, ரத்தன்ஜோத் வேரைச் சில வாரங்கள் எண்ணெயில் ஊறவைத்து வடித்துச் சேர்க்கலாம். மணத்துக்கு விலையுயர்ந்த அசல் எண்ணெயை வீணாக்காமல் லாவாண்டினையே பயன்படுத்துங்கள். சோப்பில் அதன் மணம் கூடுதல் காலம் நிற்கும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் அலுமினியப் பாத்திரம் தெரிகிறது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். எவர்சில்வருக்கு உடனே மாறுங்கள். சோடாவைத் தண்ணீரில்தான் போடவேண்டும், தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றக்கூடாது.

கேள்வி: பூவைக் கொதிக்க வைத்து எடுத்த நீரைத் தெளிப்பானில் ஊற்றி வைத்தேன், நான்காம் நாள் நாற்றமடித்தது. எண்ணெயை நேரடியாகத் தண்ணீரில் கலந்துவிடலாமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: கொதிநீரில் எடுத்த சாறு, குளிர்பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று நாட்கள்தான் தாங்கும். எண்ணெய் தண்ணீரில் கரையாது. குலுக்கினால் கலந்தது போலத் தோன்றி மறுபடி மேலே மிதக்கும். கால் ஊறவைக்கும் வெந்நீருக்கும் இது பொருந்தும்: மிதக்கிற எண்ணெய் நீர்க்காமல் தோலில் ஒட்டி எரிச்சல் தரும் என்பதால், முதலில் ஒரு கரண்டி நல்லெண்ணெயில் மூன்று நான்கு சொட்டு கலந்துகொண்டு பிறகு நீரில் ஊற்றுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு வயதுப் பேரனும் ஒரு பூனையும் இருக்கிறார்கள். எண்ணெயின் மணத்தை அறையில் பரப்பும் டிஃபியூசர் வைக்கலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். நறுமண எண்ணெய்களில் உள்ள சில பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. குழந்தையைப் பொறுத்தவரை, புட்டியை எடுத்துக் குடித்துவிடும் ஆபத்துதான் எல்லாவற்றிலும் பெரியது; மருந்தைப் போலப் பூட்டி வையுங்கள். லாவெண்டர் கலந்த பொருட்களைப் பயன்படுத்திய மூன்று சிறுவர்களுக்கு மார்பு வீங்கியதாக 2007இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பின்னர் வந்த ஆய்வாளர்கள் பலர் அந்தத் தொடர்பை மறுத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு வயதுக் குழந்தைக்கு இதைத் தினமும் தடவ வேண்டிய அவசியம் என்ன?

கேள்வி: லண்டனில் மகள் வீட்டுத் தோட்டத்தில் லாவெண்டர் புதராக வளர்ந்திருக்கிறது. உலர்ந்த தண்டுகளில் நாடா பின்னி மணக்கோல் செய்ய முயன்றேன், எல்லாம் ஒடிந்துவிட்டன. – வாசகி, மிட்சம்

பதில்: நீங்கள் இருக்கும் ஊரே ஒரு காலத்தில் லாவெண்டர் வயல்களுக்குப் பெயர்பெற்றது. மணக்கோலை உலர்ந்த தண்டில் பின்ன முடியாது, பறித்த அன்றே பின்ன வேண்டும். கதிரின் கீழ்ப்பூக்கள் விரியத் தொடங்கும் நேரத்தில், பனி உலர்ந்த பிறகு, நீளமான தண்டுகளாகப் பறித்து இலைகளை உருவிவிடுங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக, பதின்மூன்றோ பதினைந்தோ இருக்கட்டும். கதிர்களுக்குச் சற்றுக் கீழே மெல்லிய நாடாவின் ஒரு முனையால் இறுக்கிக் கட்டி, கொத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தண்டையும் கட்டுக்கு மேலே மெதுவாக மடக்கிக் கதிர்களின் மேல் குடையாக இறக்குங்கள். பூக்கள் இப்போது தண்டுகளால் ஆன கூண்டுக்குள் இருக்கும். நாடாவின் நீண்ட முனையை வெளியே எடுத்து, ஒரு தண்டுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று சுற்றிச் சுற்றிப் பின்னுங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் மேல் கீழ் தானாகவே மாறி, பாய் முடைந்த கட்டம் விழும். கதிர்கள் முழுவதும் மூடியதும் கழுத்தில் இறுக்கி முடிச்சிடுங்கள். உலரும்போது தண்டுகள் சுருங்கி நாடா தளரும், இரண்டு வாரம் கழித்து ஒருமுறை இழுத்துக் கட்டவேண்டியிருக்கும். பட்டுப்புடவை அடுக்கில் வைத்தால் மணக்கும், அந்துப்பூச்சியும் அதிகம் அண்டாது.

கேள்வி: சென்னை மொட்டை மாடியில் லாவெண்டர் வளருமா? – வாசகர், தாம்பரம்

பதில்: துளசி, புதினா குடும்பத்துச் செடிதான் என்றாலும் அவற்றைப் போல ஈரத்தைத் தாங்காது. ஊட்டி, கோத்தகிரியில் முயலலாம். உங்கள் ஊரில் அங்குஸ்டிஃபோலியாவின் வேர் வடகிழக்குப் பருவமழையில் அழுகிவிடும். இலை விளிம்பு பல் பல்லாக இருக்கும் லாவண்டுலா டென்டாட்டா கொஞ்சம் தாங்கும். மணம் கற்பூரச் சாயல் கொண்டது. பாதிக்குப் பாதி மணலும் சிறிது சுண்ணாம்பும் கலந்த மண்ணில் நட்டு, மழை நாட்களில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்துங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அசல் எண்ணெய் பாதி மீதமிருக்கிறது. பயன்படுத்தலாமா? – வாசகி, சேலம்

பதில்: தோலுக்கு வேண்டாம். பாதி காலியான புட்டியில் உள்ள காற்றில் லினலூல் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒவ்வாமை உண்டாக்கும் பொருட்களாக மாறியிருக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் புது எண்ணெயும் ஒத்துக்கொள்ளாது. மீதமிருப்பதைத் தரை துடைக்கும் நீரில் சில சொட்டுகளாகத் தீர்த்துவிடுங்கள். அடுத்த முறை 10 மில்லி புட்டியாக வாங்கி, திறந்த தேதியை மூடியின் மேல் எழுதி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து ஓராண்டுக்குள் முடித்துவிடுங்கள்.