சேல்ஸ் வேலைக்கா இன்ஜினீயரிங் படிக்க வைத்தேன்?

அன்புள்ள ஐயா,

மெக்கானிக்கல் முடித்த மகன், கோவையில் ஏர் கம்ப்ரசர் (காற்றை அழுத்தித் தரும் இயந்திரம்) விற்கும் நிறுவனமொன்றில் சேல்ஸ் இன்ஜினீயராகச் சேரப்போகிறான் என்றதும் இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டும் உருவம் உங்கள் கண்ணில் நிற்கிறது. அவன் படியேறப் போவது நூற்பாலைகளில்.

மில்லுக்குக் கம்ப்ரசர் வாங்குவது வீட்டுக்கு மிக்ஸி வாங்குவது போல ஒருவர் எடுக்கும் முடிவு அல்ல. மெயின்டனன்ஸ் பொறியாளருக்குக் காற்றழுத்தம் குறையக் கூடாது. பர்ச்சேஸ் மேலாளருக்கு விலையும் தவணை நாள்களும் முக்கியம். முதலாளியின் கண் மின்கட்டணத்தில் இருக்கும். கம்ப்ரசரின் ஆயுட்காலச் செலவில் பெரும்பங்கு மின்சாரத்துக்கே போகிறது. இந்த மூவரிடமும் கணக்குப் போட்டுக் காட்டிப் பேச, படித்த படிப்பு கட்டாயம் தேவைப்படும். இன்று கொடுத்த கொட்டேஷனுக்கு ஆர்டர் பல மாதங்கள் கழித்தும் வரலாம். பழைய இயந்திரம் மக்கர் செய்யும் நாளில் உங்கள் மகனின் பெயர் அவர்களுக்கு ஞாபகம் வர வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குத்தான் வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்துவைத்துத் தொடர்பைக் கவனிக்கும் சிஆர்எம் மென்பொருள். கொட்டேஷன் போன சில நாளில் ஒரு மின்னஞ்சல், இயந்திரம் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து ஃபில்டர் மாற்றச் சொல்லி ஒரு செய்தி என்று அது தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். ‘அப்படியானால் ஆள் எதற்கு?’ என்று கேட்பீர்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையனுக்கு நடந்தது இது. அவன் விற்ற கம்ப்ரசர் ஒரு மில்லில் ஓடாமல் நின்றுபோய், ஒரு ஷிஃப்டே முடங்கிக் கிடந்தது. அதே காலையில் அவன் பெயரில், ‘இரண்டாவது கம்ப்ரசருக்குச் சிறப்புச் சலுகை’ என்று தானியங்கி மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. மில்காரர் தொலைபேசியில் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. இவன் சர்வீஸ் மெக்கானிக்குடன் பைக்கில் கிளம்பி, இயந்திரம் ஓடத் தொடங்கும்வரை இரவு முழுவதும் அங்கேயே இருந்தான். மறுநாள் முதல் வேலையாக, புகார் நிலுவையில் உள்ள வாடிக்கையாளருக்கு விளம்பரச் செய்தி போகாதபடி மென்பொருளில் ஒரு விதியைப் போட வைத்தான். அந்த மில்லிலிருந்து அடுத்த ஆர்டரும் அவனுக்கே வந்தது.

வேலையில் கஷ்டமே இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். அலைச்சல் உண்டு, மாதக் கடைசியில் டார்கெட் நெருக்கடியும் உண்டு. மகன் அதிகம் பேசாதவன் என்று வருந்தியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் வாயாடிகளைவிட, காது கொடுத்துக் கேட்பவர்களே இத்துறையில் நிலைக்கிறார்கள்.

சேருமுன் அவன் நிறுவனத்திடம் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இன்சென்டிவ் ஆர்டர் வந்ததும் கிடைக்குமா, பணம் வசூலான பிறகா? பயணப்படி தனியா, சம்பளத்துக்குள் அடக்கமா? முதல் சில வாரங்கள் சர்வீஸ் குழுவோடு அனுப்புவார்களா? மூன்றாவதற்கு ‘நேராக ஃபீல்டுதான்’ என்று பதில் வந்தால் நான் யோசிப்பேன்.

இடைப்பட்ட நாளில் ஜோஹோ சிஆர்எம்மின் இலவசப் பதிப்பில் கைப்பழக்கம் செய்துகொள்ளட்டும். மூன்று பேர்வரை கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஹப்ஸ்பாட் அகாடமி என்ற இணையதளத்திலும் விற்பனை பற்றிய இலவசப் பாடங்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒப்புதல் வாங்காமல் மொத்தமாகச் செய்தி அனுப்பினால் எண்ணே முடக்கப்படலாம் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திட வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது என்றீர்கள். அந்த மூன்று பதில்களும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள்.