பழைய ஜிப்ஸி விலைக்கு வருகிறது: வாங்கலாமா?

கேள்வி: நாகப்பட்டினத்தில் 1998ஆம் ஆண்டு பதிவான மாருதி ஜிப்ஸி கிங் ஒன்று 2,40,000 ரூபாய்க்கு வருகிறது. புதிதாகப் பெயின்ட் அடித்து, அடிப்பகுதிக்குக் கறுப்புப் பூச்சும் பூசியிருக்கிறார்கள். "இன்ஜின் வேலை முடிந்துவிட்டது, பெட்ரோல் போட்டு ஓட்ட வேண்டியதுதான்" என்கிறார் உரிமையாளர். ஓராண்டு நிதானமாக வேலை பார்த்து, ராணுவப் பச்சை அடித்து, மலைப்பாதைகளில் ஓட்ட ஆசைப்படுகிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உரிமையாளர் இன்ஜினைப் பற்றிப் பேசுகிறார்; நீங்கள் அதைக் கடைசியாகப் பாருங்கள். ஜிப்ஸி கிங்கின் 1298 சிசி இன்ஜின் மாருதி எஸ்டீம் காரில் இருந்த அதே ஜி13 வகையைச் சேர்ந்தது என்பதால், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் சிறிய ஊரிலும் கிடைப்பார். இற்றுப்போன சேஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) கோளாறான ஆர்.சி.க்கும் (பதிவுச் சான்றிதழ்) அவ்வளவு எளிதில் வைத்தியம் கிடைக்காது.

முதலில் ஆர்.சி. தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 1998இல் பதிவான வண்டி 2013, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டிருந்தால்தான் 2028 வரை செல்லும். இடையில் விட்டுப்போயிருந்தால் அபராதம், நிலுவை வரி, எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) மூன்றும் உங்கள் தலையில் விழும். 20 ஆண்டு கடந்த இலகுரக வாகனத்தைப் புதுப்பிக்கும் கட்டணத்தையும் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு, பதிவு எந்தத் தேதி வரை செல்லும், கடன் அடைமானம் நீக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றை வீட்டிலிருந்தே பார்த்துவிடுங்கள். பதிவு காலாவதியாகியிருந்தால், புதுப்பித்துக் கொடுத்த பிறகே பணம் என்று சொல்லுங்கள்.

நேரில் போகும்போது வெள்ளைத் தாள், பென்சில், சிறிய சுத்தியல், டார்ச் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சேஸ் எண் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எடுப்பதுபோல ஒரு பிரின்ட் எடுங்கள். ஓர் எழுத்து மட்டும் ஆழமாகவோ கோணலாகவோ விழுந்திருந்தாலும், எண்ணைச் சுற்றி இரும்பைத் தேய்த்து மழுக்கிய தடம் தெரிந்தாலும், பேரத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பலாம்.

வண்டி கடலோர ஊரில் இருந்தது என்பதையும் அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. பெட்டி வடிவச் சேஸுக்குள் சேறும் உப்பு ஈரமும் தங்கினால் துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளிப்பூச்சு பளபளப்பாகவே இருக்கும். பின்பக்க லீஃப் ஸ்பிரிங் சேஸில் மாட்டியிருக்கும் இடங்கள், பாடியைச் சேஸோடு இணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றிய பகுதி ஆகியவற்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; 'பொத்'தென்று ஒலித்தால் அங்கே இரும்பைவிட, ஓட்டையை மூடப் பூசும் பட்டிதான் அதிகம். கால்மிதி விரிப்பைத் தூக்கித் தளத்தையும், முன்கண்ணாடிச் சட்டத்தின் அடிமூலைகளையும் பாருங்கள். தளத்தில் ஓட்டை இருந்தால் டிங்கர் பட்டறையில் தகடு வைத்து அடைத்துவிடலாம், அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம். சேஸில் ஓட்டை இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

நான்கு சக்கர இழுவையைப் பெரும்பாலானோர் லீவரைப் போட்டுப் பார்த்ததோடு விட்டுவிடுகிறார்கள். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, இன்ஜினை அணைத்து, கியரிலும் 4எல் (நான்கு சக்கர இழுவை, குறைவேகம்) நிலையிலும் விட்டு, முன் ஹப்புகளில் (சக்கர மையங்களில்) பூட்டு இருந்தால் அவற்றையும் பூட்டிவிட்டு, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். சிறிது ஆடிவிட்டு நின்றுவிட வேண்டும்; தடையில்லாமல் சுற்றினால் எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. தூக்கிய அதே நிலையில் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால், வீல் பேரிங், கிங்பின் பேரிங் இவற்றின் தேய்மானமும் தெரியும். பிறகு மண் தரையில் ஓட்டிப் பாருங்கள். இவ்வண்டியில் நடு டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு) கிடையாது என்பதால் தார்ச்சாலையில் 4எச் (நான்கு சக்கர இழுவை, அதிவேகம்) போட்டு வளைத்தால் நல்ல வண்டியும் முறுக்கிக்கொண்டு முரண்டுபிடிக்கும்; அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி இன்ஜின். நீங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டு, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆயில் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று பொருள். 1998 ஜிப்ஸி கார்புரேட்டர் வண்டி. மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ 2000இல்தான் வந்தது. பானட்டுக்குள் எம்பிஎஃப்ஐ இருந்தால், இன்ஜின் எண் ஆர்.சி.யில் மாற்றிப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எல்லாம் தேறினாலும், வாங்கும் விலைக்கு இணையான தொகை கையில் தனியாக இருந்தால் மட்டும் இறங்குங்கள். ராணுவப் பச்சையை மறந்துவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121இன்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது.

கேள்வி: அதே விலைக்கு மஹிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்றும் இருக்கிறது. பழைய பியூஜோ டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு வேறு இன்ஜின் வைத்திருக்கிறார்கள், ஆர்.சி.யில் மாற்றவில்லை. பரவாயில்லையா?

பதில்: வேண்டாம். இன்ஜினை மாற்றப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி தேவை. உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன பிறகு எஃப்.சி.யில் இதைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள் என்று நம்பிப் பணம் போட முடியாது. எண் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டிலும் தகராறு வரும். விற்பவர் தன் பெயரிலேயே ஆர்.சி.யில் திருத்திக் கொடுத்தால் அப்போது போய்ப் பாருங்கள், சுத்தியலோடு.