கூட்டத்துக்கு வராத விற்பனைக் குழுவினர்

வணக்கம். 14 பேர் கொண்ட உங்கள் நேரடி விற்பனைக் குழுவில், சனிக்கிழமை மாலை தியாகராய நகரில் நடக்கும் கூட்டத்துக்கு நால்வரே வருவதாக எழுதியிருந்தீர்கள். வராதவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தாம்பரத்திலும் ஆவடியிலும் இருப்பவர்கள் அந்த நெரிசலில் வந்து திரும்புவது எளிதன்று. புறநகர் ரயிலும் மெட்ரோவும் உள்ள கிண்டியில் முற்பகல் நேரத்தில் வைத்துப் பாருங்கள்.

விற்பனை இலக்கை எட்டாத ஒருவரைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்டால் அவர் மறுமுறை வரமாட்டார்; நானே அப்படி இருவரை இழந்திருக்கிறேன். 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளின்படி அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வாடிக்கையாளர் வீட்டுக்குச் செல்லக் கூடாது என்பதால், அந்த அனுமதியைத் தொலைபேசியில் எப்படிக் கேட்பது என்று அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டத்தில் பேசிக் காட்டச் சொல்லுங்கள். வராதவர்களை மறுநாள் நீங்களே அழைத்து நலம் விசாரியுங்கள்.