பதில்: குட்டையும் நெட்டையும் உண்டு, நடுத்தர மரங்கள் மட்டும் இல்லை

நீங்கள் மரங்களை எண்ணிய புல்வெளி நிலத்தில் 1 மீட்டருக்குக் கீழ் கன்றுகள் ஏராளம், 5 மீட்டருக்கு மேல் மரங்களும் உண்டு, இடையில் வெறுமை. மழைக்குறைவுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். மழையை முதலில் சந்தேகிக்க மாட்டேன். வறட்சி பெரும்பாலும் முதலாண்டு நாற்றுகளைத்தான் கொல்லும். நடு உயரத்தை மட்டும் துடைத்தெடுப்பது பெரும்பாலும் புல் தீ. சுமார் 2–3 மீட்டருக்குள் நிற்கும் தண்டு கருகிவிடும்; வேர் பிழைத்துத் துளிர்க்கும்; வளர்வதற்குள் அடுத்த தீ வந்துவிடும். ஆகவே நீங்கள் 'கன்று' என்று எண்ணியவை உண்மையில் வயதானவையாக இருக்கலாம்.

ஒரு பத்துக் கன்றுகளையாவது அடியோடு தோண்டிப் பாருங்கள். தண்டு விரல் பருமனாகவும் வேர்க்கட்டை மணிக்கட்டுப் பருமனாகவும், பக்கத்தில் கருகிய பழைய தண்டுகளோடும் இருந்தால் தீதான். கருகல் இல்லாமல், நுனி கடிபட்டுப் புதர்போல் அடர்ந்திருந்தால் மேய்ச்சல். இரண்டும் சேர்ந்திருப்பதும் சகஜம்: கடிபட்டது உயராது, உயராதது தீக்குத் தப்பாது.

விட்டத்தை மார்பு உயரத்தில் அளக்காதீர்கள். 1.3 மீட்டரை எட்டாதவை அத்தனையும் கணக்கிலிருந்து நழுவிவிடும். தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் அளந்து, தண்டுகளின் எண்ணிக்கையையும் குறியுங்கள்.

மழைக்குப் பங்கே இல்லை என்றல்ல. ஆப்பிரிக்கச் சவன்னாக்களில் (மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளிகளில்) ஆண்டு மழை சுமார் 650 மி.மீ.க்குக் குறைந்தால் மரப்போர்வையின், அதாவது மரங்கள் நிலத்தை மூடும் பரப்பின், உச்ச வரம்பை மழையே வகுக்கிறது. ஆனால் உங்கள் இடைவெளி உயரத்தில் இருக்கிறது, போர்வையில் அல்ல.