பழைய ஹோண்டா சி70: முதலில் கெரான், பிறகு ஸ்பேனர்

போன மாதம் நான் பழுதுபார்த்துக் கட்டி விற்ற ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிளின் படங்களைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாக எழுதி மாளவில்லை, அதனால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். படங்களைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: அது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தண்டல் (வேலையாட்களை மேற்பார்ப்பவர்) ஓட்டிய வண்டி. லயத்து வீட்டுக்குப் பின்னால், கோழிக் கூண்டை ஒட்டி 11 வருடம் நின்றது. வேலைக்குப் போய் வந்த நேரம் போக எட்டு மாதம் அதில் உட்கார்ந்தேன். இப்போது கிள்ளானில் ஓர் ஆசிரியரிடம் இருக்கிறது.

ஈப்போவிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, சி70 ஒன்று 800 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வருகிறது. கெரான் (வண்டியின் பதிவுப் பத்திரம்) இல்லை. "சும்மா கட்டி வீட்டில் வைத்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. இன்று வீட்டில் வைக்கத்தான் என்று தொடங்குவீர்கள். வண்டி பளபளவென்று வந்த அன்றைக்கே கோயில் வரைக்கும் ஓட்டிப் பார்க்க மனம் வரும். விற்க நினைத்தாலும் முடியாது, ஏனென்றால் பெயர் மாற்ற வழியில்லை.

கெரான் இருந்தும் என் முதல் வண்டியில் நானே ஏமாந்திருக்கிறேன். விற்றவர் கெரானைக் காட்டினார், பிளேட் எண்ணும் சரியாக இருந்தது. இன்ஜின் நம்பரை நான் பார்க்கவில்லை. கிரீஸும் மண்ணும் ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவியபோது, அந்த இடத்தை அரத்தால் ராவி வைத்திருந்தார்கள். மூன்று மாத உழைப்பும் போட்ட பணமும் போயிற்று.

அதனால் வண்டி பார்க்கப் போகும்போது ஒரு பழைய துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் ராவிய தடம் தெரியாது. எழுத்துக்கு எழுத்து கெரானோடு ஒத்துப்போக வேண்டும். ரோட் டேக்ஸ் பல வருடம் கட்டாமல் கிடந்த வண்டியென்றால், காசு கொடுப்பதற்கு முன்பே உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்துத் துறைக்குப் போய், பதிவு உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அவர் வரத் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

கோலகங்சாரிலிருந்து ஒரு தங்கை: அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவருடைய சி70 வீட்டில் நிற்கிறது. அம்மா விற்றுவிடச் சொல்கிறார். ஒருவர் வந்து, "கெரானைக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை அப்படிக் கைமாற்ற முடியாது. வாரிசு யார் என்பதற்கு அரசு அறங்காவல் நிறுவனமான அமானா ராயா, நீதிமன்றம் போன்ற இடங்களில் உத்தரவு வாங்கி, அதைக் கொண்டுதான் ஜேபிஜேவில் மாற்ற வேண்டும். அப்பாவின் மற்ற சொத்துகளுக்கு எப்படியும் போகத்தான் போகிறீர்கள், அந்தப் பட்டியலில் வண்டியையும் சேர்த்துவிடுங்கள். நிறைய குடும்பங்கள் வீட்டையும் சேமநிதியையும் எழுதிவிட்டு மோட்டாரை மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அவசரப்பட்டு விற்காதீர்கள். ஒரு வருடத் துக்கத்தில் எடுத்த முடிவை நினைத்து வருந்தி, விற்ற வண்டியைத் தேடிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். இப்போதைக்கு டேங்கில் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, மழை படாத இடத்தில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்கள். பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூட வேண்டாம். நம் ஊர் புழுக்கத்துக்கு உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். பழைய போர்வை போதும். தம்பியோ மகனோ ஒருநாள் கேட்கக்கூடும்.

தெலுக் இந்தான்: கிக்கர் இறங்கவே இல்லை. இன்ஜின் பிடித்துக்கொண்டது. சுத்தியலால் தட்டினால் விடுமா?

சுத்தியலை உள்ளே வைத்துவிடுங்கள். கிக்கரில் ஏறி நின்று மிதிக்கவும் கூடாது, அதன் தண்டுப் பல் போய்விடும்.

பிளக்கைக் கழற்றி, ஆட்டோ கியர் கார்களுக்கு ஊற்றும் கியர் எண்ணெய்யும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். சி70-க்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கிறது, ஊற்றியது ஹெட் பக்கமே தேங்கி நிற்கும். முன் சக்கரத்தைக் கட்டைமேல் உயர்த்தி வைத்தால்தான் எண்ணெய் பிஸ்டன் பக்கம் ஓடும். அசிட்டோன் பெயின்டைத் தின்றுவிடும், நெருப்பும் சட்டென்று பிடிக்கும். அதனால் திறந்த வெளியில் பார்த்து ஊற்றுங்கள். நான்கைந்து நாள் விடுங்கள். பிறகு இடப்பக்க மூடியைக் கழற்றி, ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனர் மாட்டி, முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். கொஞ்சம் அசைந்தாலும் போதும், மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. நான் விற்ற வண்டிக்கு 12 நாள் பிடித்தது.

இன்ஜின் விட்டதும் சந்தோஷத்தில் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். துரு சிலிண்டர் சுவரிலும் ரிங்கிலும் இருக்கும். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். சி70-இன் ஸ்டாண்டர்ட் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 47 மில்லிமீட்டர். அடுத்தடுத்த ஓவர்சைஸ் 0.25 மில்லிமீட்டராக ஏறி, 1.00 வரை கிடைக்கும். முதலில் பிஸ்டனை வாங்குங்கள், பிறகு அதையும் சிலிண்டரையும் சேர்த்துப் போர் கடையில் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கேற்பக் கடைவார்கள். சிலிண்டரை முதலில் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடினால் இடைவெளி சரியாக அமையாது.

திரும்பப் பூட்டும்போது, ஃப்ளைவீலில் உள்ள "டி" குறி கேசில் உள்ள குறிக்கு நேராக நிற்கும்போது, கேம் சக்கரத்தின் "ஓ" குறி ஹெட்டில் உள்ள பள்ளத்துக்கு நேராக வர வேண்டும். "டி"-க்குப் பக்கத்தில் உள்ள "எஃப்" குறி, பிளக்குக்குத் தீப்பொறி தரும் பாயின்ட் திறக்கும் நேரத்துக்கு. அவசரத்தில் அதை வைத்து டைமிங் செயின் போட்டவர்கள் உண்டு. வால்வு இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீட்டர். பாயின்ட் இடைவெளி 0.3-லிருந்து 0.4-க்குள்.

வலப்பக்க மூடியைத் திறந்தீர்கள் என்றால் கிளட்ச் மேலுள்ள சுழல் வடிகட்டியையும் திறந்து சுத்தம் செய்யுங்கள். எண்ணெயில் உள்ள அழுக்கு சுழற்சியில் ஒதுங்கி அங்கேதான் படியும். தோட்டத்து வண்டிகளில் அதை யாரும் திறந்ததே இல்லை. நான் கரண்டியால் சுரண்டி எடுத்தது கறுப்பு அல்வா மாதிரி இருந்தது.

பீடோர்: முதல் கியர் போட்டதும் வண்டி துள்ளுகிறது. கிளட்ச் போய்விட்டதா?

பாதி வண்டிகளில் போயிருக்காது, அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டிருப்பார்கள். வலப்பக்க மூடியின் நடுவில் ஒரு லாக் நட்டும் திருகும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, திருகை வலப்பக்கம் ஒரு சுற்று. பிறகு இடப்பக்கம் மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் தடுக்கும். அங்கிருந்து வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு சுற்று, அவ்வளவுதான். திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கார் எண்ணெய் ஊற்றினால் சில வகைகளில் கிளட்ச் வழுக்கும். ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கும் மோட்டார் சைக்கிள் எண்ணெயே வேண்டும்.

தைப்பிங்: முன் பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு மேலே எழும்புகிறது. சஸ்பென்ஷன் கெட்டுவிட்டதா?

இல்லை. அந்த வகை முன் சஸ்பென்ஷனின் குணமே அது. மூக்கு பக்கவாட்டில் ஆடினால்தான் புஷ் தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள்.

கூலிம்: விளக்கு அகல்விளக்கு மாதிரி எரிகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமா அண்ணே?

முதலில் எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். 40 வருடப் பெயின்டுக்கும் துருவுக்கும் மேல் 6 வோல்ட் என்ன செய்யும்? ஒவ்வொரு கனெக்டரையும் சுத்தம் செய்த பிறகு என் வண்டியில் விளக்கு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறியது.

தினமும் இரவில் செம்பனைக் காட்டு ரோட்டில் ஓட்டுபவர் என்றால் மாற்றுங்கள், உயிர்தான் முக்கியம். ஆனால் காயில், ரெகுலேட்டர், பல்ப், ஹார்ன் எல்லாம் சேர்ந்தே மாற வேண்டும். கழற்றிய பழையவற்றை ஒரு டின்னில் போட்டு வையுங்கள். விற்கும் அன்று அந்த டின்னுக்கு மதிப்பு உண்டு.

பினாங்கு: டேங்கில் துரு. மெக்கானிக் பாத்ரூம் கழுவும் ஆசிட் ஊற்றச் சொல்கிறார்.

அந்த ஆசிட் துருவோடு சேர்த்து இரும்பையும் தின்னும். டேங்கை வண்டியிலிருந்து கழற்றி, வெள்ளைச் சமையல் வினிகர் முழுக்க ஊற்றி இரண்டு நாள் வையுங்கள். கொட்டிய பிறகு சோடா உப்புத் தண்ணீரால் அலசி, உடனே காய வைத்து, கொஞ்சம் எண்ணெய் கலந்த பெட்ரோல் ஊற்றிச் சுழற்றுங்கள். உடனே என்று சொன்னதைக் கவனியுங்கள். ஒரு மணி நேரம் ஈரமாக விட்டால் மறுபடி மஞ்சள் பூத்துவிடும்.

கிள்ளான்: முழுக்கப் பெயின்ட் அடிப்பதா, பழைய தோற்றத்தோடு விடுவதா? எதற்கு விலை அதிகம்?

விலையை விட்டு முதலில் வண்டியைப் பாருங்கள். என் வண்டிக்குப் பின் கேரியரில் பழைய பெயின்ட் ஒரு சொட்டுகூட இல்லை. சின்ன ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள் ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் வாங்கி, கேன் கேனாக அதில் கட்டிக் கொண்டுபோவார்கள். சிந்திய இடமெல்லாம் இரும்பைத் தின்றிருந்தது. கேரியரையும் பின் மட்கார்டையும் வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனால் லெக் ஷீல்டுக்கு உள்பக்கம், செயின் கவருக்கு உள்ளே எல்லாம் கம்பெனி நீலம் அப்படியே இருந்தது. அந்த நீலத்தை வைத்தே நிறம் கலக்கச் சொன்னேன். முன்பக்கத்தையும் ஹேண்டிலையும் தொடவில்லை, மெழுகு மட்டும்தான். குரோமில் மேல்துரு இருந்தால் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், அதுவே போதும்.

பெயின்ட் நன்றாக இருக்கும் வண்டியைச் சுரண்டிப் புதிதாக அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு மனிதர் 30 வருடம் முழங்கால் உரசித் தேய்த்த இடத்தை எந்தப் பெயின்டராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வேறு நிறம் அடிப்பதாக இருந்தால் ஜேபிஜேவில் பதிய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

சுங்கை பட்டாணி: யமஹா ஆர்எக்ஸ்இசட் கட்டினால் சி70-ஐவிட லாபம் அதிகமாமே?

விலை அதிகம் என்பது உண்மை. ஆர்எக்ஸ்இசட்டுக்கு ஆசைப்படாத இளைஞர் நம் நாட்டில் குறைவு. அதனாலேயே திருட்டு வண்டி, ஒட்டுப்போட்ட வண்டி எல்லாம் சந்தையில் நடமாடுகின்றன. நம்பர்களை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பல வருடம் நின்றிருந்தால் கிராங்க் சீல் காய்ந்து வெடித்திருக்கும். அதன் வழியே காற்று உள்ளே போகும். எண்ணெயும் பெட்ரோலும் போதாமல், வண்டி தானாக ரெய்ஸ் ஏறும். "ஆகா, என்ன வேகம்" என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சீல் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எண்ணெய் பம்ப் வேலை செய்கிறது என்று உறுதியாகும் வரை டேங்கிலும் எண்ணெய் கலந்து ஓட்டுங்கள்.

ஈப்போ: ரோன் 97 பெட்ரோல் ஊற்றினால் சி70 நன்றாக ஓடுமா?

அதனால் கூடுதலாக ஒன்றும் ஓடாது, காசுதான் கரையும். 95 போதும்.

ரவாங்: பழைய பிளேட் எண்ணுக்காகவே வண்டி வாங்குகிறார்களே, அப்படிக் கொடுக்கலாமா?

முறைப்படி எண்ணை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு, அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கட்டிய வண்டியை அதற்குக் கொடுக்க மாட்டேன். ஏ என்ற எழுத்தில் தொடங்கும் அந்தப் பேராக் எண்ணோடுதான் தோட்டத்தில் எல்லோருக்கும் அதைத் தெரியும். எண்ணைப் பிடுங்கிக்கொண்டு வண்டியைக் காயலான் கடையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுங்கை சிப்புட், நம் ஊர்த் தம்பி: விலை எப்படி வைத்தீர்கள்? விற்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பாகங்களுக்கும் போர், பெயின்ட், குரோம் வேலைக்கும் ஆன பில்களை எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருந்தேன். என் கூலியை முழுதாகச் சேர்த்தால் யாரும் வாங்க முடியாது, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். செலவு, அதற்குமேல் அடுத்த வண்டிக்கு ஒரு தொகை, அவ்வளவுதான் கேட்டேன். லாபம் மட்டும்தான் நோக்கம் என்றால் இந்த வேலைக்கு வராதீர்கள் தம்பி.

படம் போடும்போது நல்ல பக்கத்தை மட்டும் போடாதீர்கள். ஒட்டிய மட்கார்டு, மாற்றிய கார்புரேட்டர், இன்னும் சொட்டும் கேஸ்கெட் எல்லாவற்றையும் நான் கிட்டத்தில் எடுத்துப் போட்டேன். "ஒரிஜினல் கெய்ஹின் கார்புரேட்டர் இல்லை, தாய்லாந்துப் பாகம்" என்று எழுதினேன். பேரம் பேச வந்தவர்கள் பாதிப்பேர் அதிலேயே விலகினார்கள். மீதியானவர்கள் வண்டி தெரிந்தவர்கள், அவர்களிடம் விலை பேசவே வேண்டியிருக்கவில்லை.

கெரானை முழுதாகப் படம் எடுத்துப் போட வேண்டாம். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் முழுப் பணத்தையும் கையில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு. அவர் வந்த வண்டியின் சாவியைப் பிணையாக வாங்கினால் மட்டும் போதாது, அதுவே அவருடையதாக இருக்காது.

"இப்போது எடுத்துப் போகிறேன், அடுத்த வாரம் பெயர் மாற்றிக்கொள்ளலாம்" என்பவருக்கு மட்டும் கொடுக்கவே கூடாது. அந்த ஒரு வாரத்தில் விழும் சம்மன் எல்லாம் உங்கள் பெயருக்குத்தான் வரும். விபத்து என்றால் போலீஸ் தேடி வருவதும் உங்கள் வீட்டுக்குத்தான். கிள்ளான் ஆசிரியரை நான் வார நாளில் லீவு எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். இருவரும் ஜேபிஜேவில் கட்டைவிரல் வைத்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். அவர் லாரி கொண்டுவந்திருந்தார். ஏற்றும்போது அந்தத் தண்டலின் மகனையும் கூப்பிட்டிருந்தேன். அவர் கிக்கரை ஒருதரம் மிதித்தார், வண்டி உடனே எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அவரே சாவியைத் திருப்பி அணைத்து, ஆசிரியர் கையில் கொடுத்தார்.